துலா மிதிச்ச கால் சொல்லுற புத்தி

நடக்கிறது, ஓடுறது, குனியிறது, நிமிருறது. உவ்வளவுக்கும் நாலு வரியப் படிப்பாம், முடிவிலை கறுத்த அங்கி போட்டு ஒரு பட்டமுமாம். பிள்ளை, யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனிலை நான் துலா மிதிச்ச காலத்திலை உதை ஆராவது வந்து சொல்லியிருந்தால், சிரிச்ச சிரிப்பிலை கிணத்துக்கை விழுந்திருப்பன். குனிய நிமிரப் பழக்கிறதெண்டால் எங்கடை ஆக்கள் பிள்ளையை வெங்காயத் தறைக்கு அனுப்புவினம். ரெண்டு கிழமையிலை பட்டம் கிடைச்சிடும், நாரியிலை.

ஆனால் இது ஸ்காபரோ. இஞ்சை பனி அள்ளுறதுக்கும் ரிவியிலை பாடம் எடுக்கினம்: சவளை எப்பிடிப் பிடிக்கிறது, முழங்காலை எவ்வளவு மடக்கிறது எண்டு. அந்தப் பாடத்தை எழுதிக் குடுக்கிறதும் நீ படிக்கப்போற கினீசியோலொஜி படிச்ச ஆக்கள்தான். உங்கடை வயதுப் பிள்ளையள் அதை 'கின்' எண்டு சுருக்கிப் போட்டினம். நல்லது. பல்லுக் கட்டின எனக்கும் அதுதான் வசதி.

கொம்மாவை நினைக்கத்தான் பாவமாக் கிடக்கு. கலியாண வீட்டிலை ஒரு மனிசி "மகள் என்ன படிக்கப்போறா?" எண்டு கேட்டா. கொம்மா "சயன்ஸ்" எண்டா. "என்ன சயன்ஸ்?" எண்டு அடுத்தது வர, "ஹெல்த் சயன்ஸ்" எண்டா. மூண்டாம் கேள்வி வரமுதல் சாப்பாட்டுப் பந்திக்கு எழும்பிப் போட்டா, இன்னும் பந்தி வைக்கவே இல்லை. இதுக்கு நான் உனக்கு ஒரு வழி சொல்லித்தாறன். ஆர் கேட்டாலும் "டொக்டருக்கு முன்னாலை செய்யிறது" எண்டு சொல்லு. பொய்யில்லை. டொக்டர் வரமுதல் சனத்தை எழும்பி நடக்கச் சொல்லுறதும், டொக்டர் போனாப்பிறகு நோயாளியை நடக்கப் பழக்கிறதும் அந்த வேலைதானே. கேட்கிற மனிசிக்குச் சந்தோசம், சொல்லுற உனக்கும் பாவம் இல்லை.

உண்மையைச் சொன்னால், ஒன்ராறியோவிலை மருத்துவ பீடத்துக்குப் போறதுக்கு இந்தப் பட்டம்தான் வேணும் எண்டு ஒருத்தரும் கேட்கிறேல்லை. கேட்கிற பாடங்களும் புள்ளியும் சோதனையும் சரியாயிருந்தால் சங்கீதம் படிச்ச பிள்ளையும் போகலாம், சரித்திரம் படிச்ச பிள்ளையும் போகலாம். எங்கடை ஆக்கள்தான் கின் எண்டால் டொக்டர் படிப்புக்குப் பின்கதவு எண்டு நினைச்சுக்கொண்டு பிள்ளையளைக் கொண்டுபோய் வரிசையிலை விடுகினம். பிள்ளைக்கு உடம்பைப் படிக்க விருப்பமோ எண்டு ஒருத்தரும் கேட்கேல்லை. இடம் கிடைக்காட்டில் அதின்ரை கதி என்ன எண்டும் கேட்கேல்லை.

இன்னொரு கூட்டம் இருக்கு. பள்ளிக்கூடத்திலை கூடைப்பந்தும் உதைபந்தும் விளையாடின பொடியள். பௌதிகத்திலையிருந்தும் கணக்கிலையிருந்தும் தப்ப நல்ல வழி எண்டு கின்னுக்கு வருவினம். வந்தவுடனை உடற்கூறியல் நிக்கும். 206 எலும்பு, 600க்கு மேலை தசை. ஒவ்வொரு தசையும் எங்கை துவங்கி எங்கை முடியுது, எந்த நரம்பு அதை ஆட்டுது எண்டு வாயிலை நுழையாத பேரோடை பாடமாக்க வேணும். பேந்து உடற்றொழிலியல். மூளை கையை எப்பிடி ஏவுது எண்டு ஒரு பாடம். உளவியல், புள்ளிவிபரம், சத்துணவு. பயோமெக்கானிக்ஸ் வகுப்புக்குப் போனால், தப்பி ஓடிவந்த பௌதிகம் முன் வாங்கிலை இருக்கும். போன கிழமை எத்தினை கோல் அடிச்சனி எண்டு அங்கை ஒருத்தரும் கேட்க மாட்டினம்.

ஆய்வுகூடம் இன்னும் பம்பல். மூக்கையும் வாயையும் மூடி ஒரு முகமூடி கட்டி, ஓடுற பட்டியிலை ஏத்தி, இனி ஏலாது எண்டு நீ கையைக் காட்டுமட்டும் வேகத்தைக் கூட்டுவினம். உன்ரை உடம்பு நிமிசத்துக்கு எவ்வளவு ஒட்சிசன் எடுக்குது எண்டு அளக்கிறதாம். நிலத்திலை பதிச்ச தட்டு ஒண்டு நீ காலை ஊண்டுற விசையை எழுதிக்கொண்டிருக்கும். மூட்டுக்கு மூட்டு மினுங்குற சின்ன உருண்டையளை ஒட்டி, சுத்திவரக் கமரா வைச்சு உன்ரை நடையைப் பிடிப்பினம். எங்கடை ஊரிலை ஒருத்தரின்ரை நடையை உத்துப் பார்த்தால் சண்டைக்கு வருவினம். இஞ்சை அதுக்கு மாக்ஸ் போடுகினம்.

எனக்கு உந்தப் படிப்பிலை மரியாதை வந்தது நாரிக் கணக்கைக் கேட்ட பிறகுதான். துலா தெரியுமே உனக்கு? நீட்டு மரம், இடையிலை அச்சு, ஒரு நுனியிலை பட்டை தொங்கும். நாங்கள் அச்சிலையிருந்து தள்ளித் தள்ளி நடக்க, தண்ணிப் பட்டை லேசாய் மேலை வரும். உன்ரை நாரியும் ஒரு துலாதான். ஆனால் படைச்சவன் அதிலை ஒரு குறும்பு செய்து போட்டான். பாரத்தை இழுக்கிற முதுகுத் தசையை அச்சுக்குக் கிட்டக் கொண்டுபோய், கிட்டத்தட்ட 5 சென்ரிமீற்றரிலை கட்டி வைச்சிட்டான். கொப்பர் கடையிலையிருந்து கொண்டுவாற 40 இறாத்தல் அரிசிப் பை 18 கிலோ. காருக்குப் பின்னாலை நிண்டு கையை நீட்டி, அரை மீற்றர் தள்ளி அதைத் தூக்கினால் தூரம் பத்து மடங்கு. அந்தத் தசை 180 கிலோவுக்கு இழுக்கவேணும். அவரின்ரை வண்டியின்ரை பாரம் வேறை. பையைக் கிட்ட இழுத்து நெஞ்சோடை அணைச்சுத் தூக்கினால் பாதிக்குப் பாதி குறையும். இதை நான் சொன்னால் கொப்பர் "கிழவனுக்கு விசர்" எண்டுவார். நீ இங்கிலீசிலை சொன்னால் "ஓ, றியலி?" எண்டு கேட்பார். அதுக்காகவாவது நீ படிக்க வேணும்.

வாட்டர்லூ பல்கலைக்கழகத்திலை கின் துறை 1967 இலை துவங்கினது. அங்கை ஸ்ருவேட் மக்கில் எண்ட பேராசிரியர் முப்பது வரியமாய் மனிசரின்ரை முள்ளந்தண்டையே ஆராய்ஞ்சவர். நாரி நோவுக்கு அவர் சொன்ன மூண்டு பயிற்சி உலகமெல்லாம் பேர்போனது. அதிலை ஒண்டு, நாலு காலிலை நிண்டுகொண்டு வலக்கையை முன்னுக்கும் இடக்காலைப் பின்னுக்கும் நீட்டுறது. எனக்கும் செய்யச் சொன்னவை. அதாலை நாரி நேராகும், சம்மந்தி வீட்டுக்கு வாற நேரத்திலை செய்தால் மரியாதைதான் வளையும்.

உடம்பை அசைக்கிறதைப் பற்றிக் கண்டுபிடிச்ச இன்னொண்டு சொல்லுறன் கேள். லண்டனிலை ஜெறி மொறிஸ் எண்டு ஒரு டொக்டர். மாடி பஸ்ஸிலை ட்ரைவரும் கொண்டக்டரும் ஒரே தரத்து ஆக்கள்தான். ஆனால் ட்ரைவருக்கு மாரடைப்புக் கூட, கொண்டக்டருக்குக் குறைவு. ஏன்? ட்ரைவர் நாள் முழுக்க இருக்கிறான், கொண்டக்டர் ரிக்கற் கிழிக்கப் படி ஏறி இறங்குறான். 1953 இலை அதைப் பத்திரிகையிலை போட்டார். ட்ரைவர்மார் மொத்தம், அதாலைதான் வருத்தம் எண்டு வாதாட ஆக்கள் வருவினம்தானே? மனிசன் விடேல்லை. பஸ் கொம்பனி குடுத்த காற்சட்டையளின்ரை இடுப்பளவை எடுத்துப் பார்த்தார். ட்ரைவர்மாரின்ரை இடுப்பு பெரிசுதான். ஆனால் மெல்லிசான ட்ரைவருக்கும் மெல்லிசான கொண்டக்டரைவிட ஆபத்துக் கூட எண்டு கண்டார். அந்த மொறிஸ் 99 வயது மட்டும் இருந்தவர். ஆராய்ச்சியை எழுதிப்போட்டுக் கதிரையிலை குந்தியிருந்த ஆளில்லை.

இஞ்சை ரொறன்ரோவிலையும் ஒரு டொக்டர் இருந்தவர், ரெறன்ஸ் கவனா. மாரடைப்பு வந்தவனைக் கட்டிலிலை படுக்கப்போட்டு 'அசையாதை' எண்ட காலத்திலை, அவர் அவையளை நடக்கவிட்டு, மெல்ல ஓடவிட்டு, 1973 இலை சிலரைப் பொஸ்ரன் மரதனுக்கே கூட்டிக்கொண்டு போனவர். அதே வரியம் கனடா ரிவியிலை 15 செக்கன் விளம்பரம் ஒண்டு வந்தது: 60 வயதுச் சுவீடன்காரனும் 30 வயதுக் கனடாக்காரனும் உடம்புப் பலத்திலை ஒண்டு எண்டு. நாடே வெக்கப்பட்டதாம். உன்ரை மாமன்மாரையும் சேர்த்துக் கணக்குப் பார்த்திருந்தால் சுவீடன்காரனின்ரை தகப்பனைக் கூட்டிவர வேண்டி வந்திருக்கும்.

சரி, விடுப்பு போதும். வேலைக்கு வருவம்.

கின் முடிச்சால் பிசியோ எண்டு எங்கடை சனம் நினைச்சுக் கொண்டிருக்கு. ஒன்ராறியோவிலை பிசியோதெரபிக்கு முதுமாணிப் பட்டம் வேணும், நாலு வரியத்துக்கு மேலை இன்னும் ரெண்டு வரியம். ரொறன்ரோ, மக்மாஸ்ரர், வெஸ்ரேர்ன், குயின்ஸ், ஒட்டாவா எண்டு அஞ்சு இடம்தான். ஒட்டாவாவிலை படிக்கிறதெண்டால் பிரெஞ்சு வேணும். உனக்குத் தமிழே தட்டுத்தடுமாறி வருது, அதை விடு. வாசலிலை நிக்கிற கூட்டம் பெரிசு. கடைசி ரெண்டு வரியத்துப் புள்ளியைத்தான் முக்கியமாய்ப் பார்க்கினம். அப்ப முதல் ரெண்டு வரியமும் கூத்தடிக்கலாமோ எண்டு கேட்காதை. அடிக்கலாம். கூத்தடிச்சுப் பழகின கை மூண்டாம் வரியம் புத்தகத்தைத் தூக்குமோ எண்டதுதான் கேள்வி. ஒக்கியூபேஷனல் தெரபியும் உப்பிடித்தான், முதுமாணி வேணும். கைரோபிராக்ரர் எண்டால் ரொறன்ரோவிலை தனிக் கல்லூரி, இன்னும் நாலு வரியம். அதுக்கிடையிலை கொம்மாவுக்குத் தலை முழுக்க நரைச்சிடும்.

மேலை படிக்காமல் கின்னோடையே நிண்டும் பிழைக்கலாம், அதை ஒருத்தரும் உனக்குச் சொல்ல மாட்டினம். 2007 இலை ஒன்ராறியோ அதுக்கெண்டு சட்டம் நிறைவேத்தினது. 2013 ஏப்ரலிலை அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்துற சபை வந்தது. கனடாவிலை முதல் முதல் இந்த மாகாணம்தான். பட்டத்தோடை சபையின்ரை சோதனையும் பாஸ் பண்ணிப் பதிஞ்சால்தான் கினீசியோலொஜிஸ்ற் எண்டு பலகை தொங்கவிடலாம். ஜிம்மிலை 'ட்றெயினர்' எண்டு சொல்லுறதுக்கு அப்பிடி ஒரு சட்டமும் இல்லை. கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு கையை மடக்கிப் பார்க்கத் தெரிஞ்ச எவனும் சொல்லலாம், சொல்லுறாங்கள். வித்தியாசம் அதுதான். ஆனால் ஒண்டு, வருத்தத்துக்குப் பேர் வைக்கிற அதிகாரம் பதிஞ்ச கின்காரருக்கும் இல்லை. அது டொக்டர்மாரின்ரை, பிசியோக்காரரின்ரை சோலி. எல்லா இன்சூரன்ஸும் கின்காரருக்குக் காசு குடுக்காது எண்டதையும் இப்பவே காதிலை போட்டு வை. கிளினிக் துவங்கி, கடன் எடுத்து, பிறகு வந்து அப்புவிட்டை அழாதை.

அவையளுக்குக் கனக்க வேலை கிடைக்கிற இடம் கார் விபத்துக் கிளினிக். அதை எங்கடை ஆக்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்னாலை வந்தவன் பம்பரிலை ஒரு முத்தம் குடுத்தால் போதும், கழுத்திலை பட்டி ஏறிவிடும். அந்தப் பட்டியோடை கோயில் தேருக்கு வந்து வடம் பிடிக்கிற ஆளையும் நான் கண்டனான். நீ அங்கை இருந்தால் உன்ரை வேலை என்ன தெரியுமோ? ஆளின்ரை கழுத்து எவ்வளவு திரும்புது, எத்தினை கிலோ தூக்குறார், எவ்வளவு நேரம் நிக்கிறார் எண்டு அளந்து எழுதுறது. பிறகு ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாய் உடம்பை வழிக்குக் கொண்டுவாறது. உண்மையாய் அடிபட்டவனுக்கு அது பெரிய புண்ணியம், கைகால் திரும்பிக் கிடைச்ச மாதிரித்தான். தேர் இழுத்தவர் வந்தால் அளவுநாடாவையும் சிரிப்பையும் ஒண்டாய் அடக்கிப் பழகு. எழுதுறதை மட்டும் உள்ளபடி எழுது. சொந்தக்காரர் எண்டு ஒரு கிலோவும் கூட்டாதை, குறைக்காதை. சபை பதிவைப் பறிச்சால் படிச்ச நாலு வரியமும் போச்சு.

தொழிற்சாலையிலை எர்கோனொமிக்ஸ் எண்டு இன்னொரு வேலை இருக்கு. எனக்கு எல்லாத்திலையும் பிடிச்சது அதுதான். இந்த ஊருக்கு வந்த எங்கடை சனத்திலை எத்தினை பேர் இரவு வேலைக்குப் போய், பெட்டி தூக்கி, பெல்ற்றிலை ஓடுற சாமானைத் திரும்பித் திரும்பி எடுத்து, தோளையும் நாரியையும் குடுத்துக் குடும்பத்தைத் தூக்கிவிட்டவை! கொப்பரும் அதிலை ஒருத்தர், சொல்ல மாட்டார். எர்கோனொமிக்ஸ் படிச்ச ஆள் அங்கை போய் மேசையை எவ்வளவு உயர்த்தவேணும், பெட்டியை எந்த உயரத்திலை வைக்கவேணும், ஒரு மணித்தியாலத்துக்கு எத்தினை தரம் தூக்கலாம் எண்டு கணக்குப் போட்டுக் குடுப்பார். அமெரிக்காவிலை 1991 இலை திருத்தின ஒரு தூக்குக் கணக்கு இருக்கு. எல்லாம் சரியாயிருந்தால், அதாவது பாரம் உடம்போடை கிட்ட, இடுப்பளவு உயரத்திலை, திரும்பாமல், அடிக்கடி இல்லாமல் தூக்கினால், 23 கிலோ மட்டும்தான். ஒண்டு பிழைக்கப் பிழைக்க அந்த 23 உம் குறைஞ்சுகொண்டே போகும். முதலாளிக்கு மேசையை உயர்த்தச் செலவு, தொழிலாளிக்கு நாரி முறிஞ்சால் அதைவிடச் செலவு. அதை முதலாளிக்கு முதலாளியின்ரை பாசையிலை, காசுக் கணக்கிலை விளங்கப்படுத்துறதுதான் கெட்டித்தனம்.

விளையாட்டு அணிக்கு வேலை செய்யவேணும் எண்டு உனக்கு ஒரு கனவு இருக்காம், உன்ரை தம்பி சொன்னவன். ராப்டர்ஸ் கூடைப்பந்து ஆக்களின்ரை காலுக்குப் பிளாஸ்ரர் ஒட்டுறதோ? ஒட்டலாம். அதுக்கு அத்லெற்றிக் தெரபி எண்டு தனிப் பயிற்சி, தனிச் சோதனை. யோர்க்கிலை படிக்கலாம். ஆனால் அந்த அணியிலை ஒரு நேரத்திலை இருக்கிறது 15, கூடினால் 18 ஆள். இந்த மாகாணத்திலை வரியாவரியம் கின் முடிக்கிற பிள்ளையளை நிரைக்கு விட்டால் ஒரு விளையாட்டுக்காரனின்ரை ஒரு கால்விரலுக்கு ஒரு பட்டதாரி எண்டாலும் காணாது. கனவை வைச்சிரு, அதோடை வேறை ரெண்டு வேலையையும் வைச்சிரு. செயற்கைக் கால் செய்யிற படிப்பிருக்கு, பள்ளிக்கூட ஆசிரியர் ஆகவும் மேலை படிக்கலாம், ஆஸ்பத்திரியிலை இருதய நோயாளியளுக்கு உடற்பயிற்சி பார்க்கிற வேலை இருக்கு.

கடைசியாய்ச் சொன்னதைக் கொஞ்சம் நிண்டு யோசி. எங்கடை ஆக்களுக்குச் சலரோகமும் இருதய வருத்தமும் மற்றவையைவிடக் கூட. கிழமைக்கு 150 நிமிசம் மூச்சு வாங்க நடக்கவேணும், ஒரு நாளிலை எட்டு மணித்தியாலத்துக்கு மேலை இருக்கக்கூடாது எண்டு இந்த நாட்டிலை வழிகாட்டி எழுதி வைச்சிருக்கினம். நானெண்டால் நாடகத்துக்கே எட்டு மணித்தியாலம் குடுக்கிறன், பிறகு செய்தி இருக்கு. இங்கிலீசிலை அடிச்ச தாளை டொக்டர் குடுத்தால் கிழவியள் அதை மடிச்சுச் சாமியறையிலை வைக்கினம். 'ஆச்சி, ஒருக்கால் எழும்புங்கோ, நாலடி நடப்பம்' எண்டு தமிழிலை சொல்ல ஒரு பிள்ளை வேணும். அதைச் சொல்லத் தெரிஞ்ச கின்காரருக்கு ஸ்காபரோவிலையும் மார்க்கத்திலையும் வேலை முடியாது. அதாலை தமிழையும் கொஞ்சம் வடிவாய்ப் படி. 'நாரி' எண்டால் என்ன எண்டு கூகிளிலை தேடிக்கொண்டு நிக்காதை.

இனிச் செய்யவேண்டியது இதுதான். முதலாம் வரியத்திலேயே ஒரு கிளினிக்கிலையோ முதியோர் இல்லத்திலையோ சம்பளமில்லாமல் எண்டாலும் போய் நில். நோவோடை இருக்கிற மனிசரைத் தொட்டு, பொறுத்து, திரும்பத் திரும்ப ஒண்டையே சொல்ல உனக்குப் பிடிக்குதோ எண்டு பார். பிடிக்காட்டில் கெதியாய் வேறை படிப்புக்கு மாறு, வெக்கமில்லை. பிடிச்சால், வேலை பழக விடுற கோ-ஒப் வகுப்பிலை சேர். புள்ளியைப் பார்த்துக்கொள். நாலாம் வரியத்தின்ரை கடைசி மாசத்திலை 'இனி என்ன செய்யிறது?' எண்டு கேட்டு வீட்டுக்கு வாற பிள்ளையள் கன பேர். அந்தக் கேள்வியை ரெண்டாம் வரியத்திலேயே கேட்டிட வேணும்.

கொம்மாவுக்கும் ஒரு வார்த்தை. டொக்டராக ஆசைப்பட்ட பிள்ளை எந்தப் படிப்பிலையிருந்தும் போகும். கின்னிலை ஆசைப்பட்ட பிள்ளையை டொக்டர் கதவுக்கு முன்னாலை நிப்பாட்டி வைச்சால் ரெண்டும் இல்லாமல் போகும். கலியாண வீட்டிலை இனிமேல் கேட்டால் சுத்தி வளைக்காமல் "என்ரை மகள் கினீசியோலொஜி படிக்கிறாள்" எண்டு சொல்லு. கேட்ட மனிசி விளங்கின மாதிரித் தலையாட்டிப் போட்டு, அடுத்த கதையிலை தன்ரை முழங்கால் நோவைத்தான் சொல்லுவா.